ஒரு வசனம், ஒரு நோட்டு: விவிலிய ஆய்வில் முதல் அடிகள்

விவிலியத்தை ஆய்வு நோக்கில் படிக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் தடிமனான அறிமுக நூலில் தொடங்குகிறார்கள். முதல் அத்தியாயத்தில் ஜெர்மானியப் பெயர்கள் அணிவகுக்கும், இரண்டாவதில் ஆய்வு முறைகளின் பட்டியல் வரும், மூன்றாவதில் புத்தகம் மூடப்படும். நான் அப்படி மூடி வைத்த புத்தகம் பல ஆண்டுகள் அலமாரியில் இருந்தது. எனக்குக் கதவு திறந்தது ஒரே ஒரு வசனத்தோடு சில மாதங்கள் மல்லுக்கட்டிய பிறகுதான். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாதல்லவா?

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும்: ஏசாயா 7:14. இம்மானுவேல் பிறப்பைப் பற்றிய வசனம். ஒவ்வொரு டிசம்பரிலும் தேவாலயங்களில் ஒலிப்பது. யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக வாதாடி வருவது. ஆய்வின் முக்கியமான கருவிகள் எல்லாம் இதில் வேலை செய்யும்.

தேவையானவை: இரண்டு தமிழ் விவிலியங்கள், ஒரு கோடு போட்ட நோட்டு, இணைய வசதி. நோட்டில் ஒரே ஒரு விதி. எந்த விளக்கத்தைப் படித்தாலும் அதன் பக்கத்தில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: யார் சொன்னார், எந்தக் காலத்தில், எந்த மொழி வாசகத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்குப் பதிலாக. "சரியா தவறா" என்ற பத்தியை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

முதல் படி: இரண்டு தமிழ் விவிலியங்களை அருகருகே வையுங்கள்

ஒன்று சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதல். மற்றது 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. பழைய திருப்புதலில் ஏசாயா 7:14ஐப் பாருங்கள்: "ஒரு கன்னிகை." பொது மொழிபெயர்ப்பில் பாருங்கள்: "அந்த இளம்பெண்." முன்னதில் அவள் இனிமேல்தான் கர்ப்பவதியாவாள், பின்னதில் ஏற்கெனவே கருவுற்றிருக்கிறாள். எபிரேயம் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமலேயே உங்கள் நோட்டில் மூன்று கேள்விகள் வந்துவிட்டன: கன்னியா இளம்பெண்ணா? "ஒரு" பெண்ணா "அந்த"ப் பெண்ணா? கரு உருவாகிவிட்டதா, இல்லையா?

நான்காவது கேள்வி தமிழில் வாசிப்பதால் எழுகிறது. பழைய திருப்புதல் பிறக்கப்போகும் குழந்தைக்கு "அவருக்கு" என்று மரியாதை கொடுக்கிறது. அதே நூலில் ஆதியாகமம் 16:11க்குப் போனால், ஆகாரின் மகன் இஸ்மவேலுக்கு "அவனுக்கு." எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் மரியாதைப் பன்மை கிடையாது, அந்த மொழியின் சுட்டுப்பெயர்களில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. "அவருக்கு" என்று எழுதிய கணத்தில் மொழிபெயர்ப்பாளர் இந்தக் குழந்தை இயேசுதான் என்று தீர்மானித்துவிட்டார். அது பிழை என்று நான் சொல்லவில்லை. தமிழில் அவனா அவரா என்று எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் ஏற்கெனவே ஓர் உரை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று கிடைக்காது.

ஒரு சிறு எச்சரிக்கை. யூத நூல்களில் தேடும்போது வசன எண்கள் சில இடங்களில் ஒன்றிரண்டு தள்ளிப்போகும். நம் ஏசாயா 9:6 எபிரேயத்தில் 9:5. மல்கியாவுக்கு அங்கே மூன்று அதிகாரங்களே. சங்கீதங்களிலும் தலைப்பை எண்ணுவதால் எண் மாறும். நூல் காணாமல் போய்விட்டது என்று பதற வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த மூலபாடம்?

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்கு இந்தப் படி புதிதல்ல. இங்கும் அதே வேலைதான்.

எபிரேய விவிலியத்தின் இன்றைய ஆய்வுப் பதிப்புகள் பெரும்பாலும் கி.பி. 1008ஆம் ஆண்டைச் சேர்ந்த லெனின்கிராட் கையெழுத்துப் பிரதியை அடிப்படையாகக் கொண்டவை. மசோரெத்தியர் என்ற யூத எழுத்தறிஞர்கள் உயிர்க்குறிகள் இட்டுக் காத்த மரபு அது. 1947இல் சாக்கடலோரக் கும்ரான் குகையில் ஏசாயா நூல் முழுவதும் அடங்கிய தோல்சுருள் ஒன்று கிடைத்தது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம். லெனின்கிராட் பிரதியைவிட ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் மூத்தது. எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்தச் சுருளை இலவசமாக விரித்துப் பார்க்கலாம். எழுத்து புரியாவிட்டாலும் ஒருமுறை பாருங்கள். வரிகளுக்கு மேலே பொடி எழுத்தில் செய்த திருத்தங்களைப் பார்த்த நாளில்தான், வேதம் என்பது யாரோ ஒருவர் கை வலிக்க எழுதியது என்பது எனக்கு உறைத்தது.

மூன்றாவது சாட்சி செப்துவஜிந்த் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பு. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து யூதர்களே செய்தது. "யூதர்களே" என்பதை நோட்டில் அடிக்கோடிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது வசனத்தின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். குழந்தைக்குப் பெயரிடுவது யார்? மசோரெத்திய வாசகத்தில் அவள். கும்ரான் சுருளில் வினை ஆண்பாலில் இருக்கிறது: அவன், அல்லது யாரோ ஒருவர். கிரேக்கத்தில் "நீ பெயரிடுவாய்", அதாவது ஏசாயா பேசிக்கொண்டிருக்கும் யூதாவின் அரசன் ஆகாஸ். இதை மேற்கோள் காட்டும் மத்தேயு 1:23இல் "பேரிடுவார்கள்." இதில் பாதியைத் தமிழிலேயே சரிபார்க்கலாம்: பழைய திருப்புதலில் ஏசாயாவில் "பேரிடுவாள்", மத்தேயுவில் "பேரிடுவார்கள்." பல ஆண்டுகள் படித்த போதகர்கள்கூட இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

மூல வாசகம் எதுவாக இருந்திருக்கும் என்று தீர்மானிக்க ஆய்வாளர்கள் கேட்கும் முதல் கேள்வி: எந்த வாசகத்திலிருந்து மற்றவை பிறந்திருக்க முடியும்? நகலெடுப்பவர் கடினமானதை எளிதாக்குவாரே தவிர, எளிதானதைச் சிக்கலாக்க மாட்டார். ஆகவே கடினமான வாசகத்துக்கு முன்னுரிமை. இது சட்டமல்ல, அனுபவ விதி.

மூன்றாம் படி: அகராதியை நம்பி மேடையேறாதீர்கள்

நான் ஒரு வாசிப்புக் குழுவில் சேர்ந்த புதிதில், கைபேசியில் இருந்த எபிரேய அகராதியில் நம் வசனத்தின் பெண்ணைக் குறிக்கும் சொல்லைத் தேடி, "அல்மா என்றால் இளம்பெண், ஆகவே விஷயம் முடிந்தது" என்று அறிவித்தேன். குழுவை நடத்திய பெரியவர் கோபப்படவில்லை. "அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது, தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த மாலை முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சொல்லின் பொருள் அது புழங்கும் இடங்களில் இருக்கிறது. ஸ்டெப் பைபிள் போன்ற இலவச இணையதளத்தில் எபிரேயச் சொல்லைத் தொட்டால் அது வரும் இடங்கள் எல்லாம் தெரியும். "அல்மா" அதிகம் வருவதில்லை. ஆதியாகமம் 24:43இல் ரெபெக்காள், யாத்திராகமம் 2:8இல் மோசேயின் அக்காள், நீதிமொழிகள் 30:19, உன்னதப்பாட்டில் இரண்டிடம், 68ஆம் சங்கீதத்தில் தம்புரு வாசிக்கும் பெண்கள். எல்லாவற்றையும் வாசித்துப் பாருங்கள். மணவயதை எட்டிய இளம்பெண் என்பதுதான் பொதுவாகப் பொருந்துகிறது. அவள் கன்னியா இல்லையா என்பதைச் சொல் தானாகச் சொல்லவில்லை.

கன்னிமையைக் குறிக்க "பெதூலா" என்ற சொல் இருக்கிறதே என்பார்கள். அதுவும் அவ்வளவு உறுதியானதல்ல. ஆதியாகமம் 24:16இல் ரெபெக்காளைப் பெதூலா என்று சொன்ன பிறகும், புருஷனை அறியாதவள் என்று ஆசிரியர் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. யோவேல் 1:8இல் ஒரு பெதூலா தன் இளவயதின் புருஷனுக்காக அழுகிறாள்.

கிரேக்கத்துக்குப் போனால் ஏசாயா 7:14இல் "பார்த்தெனோஸ்" நிற்கிறது. கன்னி என்றே பொதுவாகப் பொருள். ஆனால் அதே கிரேக்க விவிலியம் ஆதியாகமம் 34:3இல், பலாத்காரத்துக்கு உள்ளான பிறகும் தீனாளைப் பார்த்தெனோஸ் என்கிறது. "கிறிஸ்தவர்கள் வசனத்தைத் திரித்துவிட்டார்கள்" என்று ஒரு தரப்பு சொல்லும். "யூதர்கள் சொல்லை மாற்றிவிட்டார்கள்" என்று மறுதரப்பு சொல்லும். இரண்டையும் நோட்டிலிருந்து அடித்துவிடலாம். பார்த்தெனோஸ் என்று எழுதியவர் இயேசுவுக்கு முன் வாழ்ந்த யூத மொழிபெயர்ப்பாளர். எபிரேயத்தில் அல்மா என்பதோ கும்ரான் சுருளிலும் அப்படியே இருக்கிறது.

நான்காம் படி: அந்த ஆண்டுக்குப் போங்கள்

இப்போதுதான் ஏழாம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஏன் முதலிலேயே வாசிக்கவில்லை என்று கேட்கலாம். வாசித்திருந்தால் கதையில் இறங்கிவிடுவீர்கள். சொல் கண்ணில் படாது.

கி.மு. 734ஐ ஒட்டிய காலம். அசீரியப் பேரரசன் மூன்றாம் திகிலாத்பிலேசர் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கிறான். தமஸ்குவின் ரேத்சீனும் வட இஸ்ரவேலின் பெக்காவும் கைகோத்து எருசலேமின் மேல் படையெடுக்கிறார்கள். ஆகாசை இறக்கிவிட்டுத் தாபேயாலின் மகன் என்ற ஒருவனை அரியணையில் ஏற்றுவது திட்டம். அரசனின் மனமும் அவன் மக்களின் மனமும் காற்றில் காட்டு மரங்கள் அசைவதுபோல் அசைந்தன என்கிறது வாசகம். வண்ணார் துறை வழியில் மேல்குளத்து மதகின் கோடியில் ஏசாயா அரசனைச் சந்திக்கிறார். முற்றுகை வரப்போகிற நகரில் அரசன் தண்ணீர் வழியைப் பார்வையிட வந்திருப்பான் என்று உரைகாரர்கள் ஊகிக்கிறார்கள், நல்ல ஊகம்.

தீர்க்கதரிசி தனியாக வரவில்லை, கையில் மகன். பெயர் செயார்யாசூப்: "எஞ்சியோர் திரும்புவர்." அடுத்த அதிகாரத்தில் இன்னொரு மகன் வாய்க்குள் நுழையாத பெயரோடு பிறப்பான், அதன் பொருள் கொள்ளை விரைகிறது என்பது. நடுவில் இம்மானுவேல், "கடவுள் நம்மோடு." மூன்று குழந்தைகள், மூன்று பெயர்கள், ஒரே போர். பிள்ளைகளின் பெயர்களே இங்கே செய்தி.

பதினாறாம் வசனத்தை மெதுவாக வாசியுங்கள். இந்தக் குழந்தை நன்மை தீமை அறியும் வயதை எட்டுவதற்கு முன், ஆகாசை நடுங்கவைத்த இரு அரசர்களின் நாடும் பாழாகும். ஆகவே அடையாளம் முதலில் ஆகாசுக்குரியது. அவன் உயிரோடிருக்கும்போதே பலிக்க வேண்டியது. தமஸ்கு கி.மு. 732இல் விழுந்தது, வட இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா 722இல். ஆகாசோ ஏசாயாவைக் கேட்கவில்லை. ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியனுக்கு அனுப்பினான் என்கிறது 2 இராஜாக்கள் 16. நிம்ரூதில் கிடைத்த அசீரியக் களிமண் பலகை ஒன்றில், கப்பம் கட்டியவர்களின் வரிசையில் யூதாவின் யோவாகாஸ் என்ற அவனது முழுப் பெயர் இருக்கிறது. விவிலியத்துக்கு வெளியே இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் தேதியோடு நோட்டில் குறியுங்கள். கிடைக்காத இடங்களே அதிகம்.

ஐந்தாம் படி: இந்த வாய்பாட்டை வேறு எங்கே கேட்டோம்?

"இதோ, நீ கர்ப்பமாயிருக்கிறாய், ஒரு மகனைப் பெறுவாய், இன்ன பெயரிடுவாய்." ஆதியாகமம் 16இல் ஆகாரிடம் தூதன் இப்படித்தான் பேசுகிறான். நியாயாதிபதிகள் 13இல் சிம்சோனின் தாயிடமும் ஏறத்தாழ இதே சொற்கள். 1929இல் சிரியக் கடற்கரையில் அகழ்ந்த உகரித் நகரின் களிமண் பலகை ஒன்றில், "இதோ, இளம்பெண் ஒரு மகனைப் பெறுவாள்" என்ற வரி ஒரு தெய்வத் திருமணப் பாடலில் வருகிறது. அங்கே இளம்பெண் என்பதற்குரிய சொல் அல்மாவின் உடன்பிறப்பு. ஹெர்மன் குங்கெல் தொடங்கிவைத்த வடிவத் திறனாய்வு கவனிப்பது இதைத்தான்: நம் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் வாய்பாடு இருப்பதுபோல், பிறப்பறிவிப்புக்கும் அந்த உலகில் ஒரு வாய்பாடு இருந்தது. ஆகாரின் கதையில் அவள் ஏற்கெனவே கர்ப்பிணி. ஏசாயாவிலும் அதே எபிரேயச் சொல்லே நிற்கிறது. பொது மொழிபெயர்ப்பு "கருவுற்றிருக்கும்" என்று போட்டதன் காரணம் இப்போது தெரிகிறதல்லவா?

ஆறாம் படி: யூத உரையாசிரியர்கள்

தமிழில் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. குறள் நடுவில் இருக்க, பரிமேலழகரும் மணக்குடவரும் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டு சுற்றி நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். யூதர்களின் உரைவிவிலியமும் அப்படித்தான் அச்சாகும்: நடுவே வாசகம், சுற்றிலும் ராஷி, இபின் எஸ்ரா, தாவீது கிம்ஹி. செஃபாரியா இணையதளத்தில் வசனத்தைத் தொட்டால் இவர்களின் உரைகள் பக்கத்தில் விரியும். பல உரைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு.

அந்தக் குழந்தை ஆகாசின் மகன் எசேக்கியாதான் என்பது பழைய யூத விளக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதிய உரையாடலில் திரிஃபோ என்ற யூதர் இதையே சொல்கிறார்; வாசகம் கன்னி அல்ல, இளம்பெண் என்றும் வாதாடுகிறார். அதே நூற்றாண்டில் அக்குவிலா என்ற யூத மொழிபெயர்ப்பாளர் தன் கிரேக்க மொழிபெயர்ப்பில் பார்த்தெனோஸை நீக்கி, இளம்பெண்ணைக் குறிக்கும் "நெயானிஸ்" என்ற சொல்லைப் போட்டார்.

ஆனால் எசேக்கியா விளக்கத்தில் ஒரு கணக்கு இடிக்கும். நீங்களே போட்டுப் பாருங்கள். ஆகாஸ் ஆண்டது 16 ஆண்டுகள் (2 இராஜாக்கள் 16:2). அவனுக்குப் பின் எசேக்கியா அரசனானபோது வயது 25 (18:2). அப்படியானால் ஆகாஸ் முடிசூடியபோதே பையனுக்கு 9 வயது. இனிமேல் பிறப்பான் என்று சொல்ல வழியில்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி இந்தக் கணக்கைச் சொல்லியே எசேக்கியாவைத் தள்ளிவிட்டு, அந்தப் பெண் ஏசாயாவின் மனைவி என்று கொள்கிறார். தன் மரபின் பழைய விளக்கத்தைக் கணக்குப் போட்டு ஒதுக்கும் அந்தத் துணிவு எனக்குப் பிடித்தமானது. சொற்பொருளையும் சூழலையும் விடாமல் பிடிக்கும் இந்த வாசிப்புக்கு "பெஷாத்" என்று பெயர். சொல்லுக்கு உள்ளே துளைத்துப் புதுப்பொருள் எடுப்பது "தெராஷ்." யூத மரபு இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளும். ஒன்று சரி என்றால் மற்றது தவறு என்று அங்கே யாரும் அவசரப்படுவதில்லை.

ஏழாம் படி: மத்தேயு என்ன செய்கிறார்?

மத்தேயுவை "ஆதாரம் காட்டும் வக்கீல்" போல வாசித்தால் ஏமாற்றமே மிஞ்சும். குழந்தைக்கு அவர் சொல்லும் பெயர் இயேசு. யாரும் இம்மானுவேல் என்று கூப்பிடவே இல்லை. ஆனால் அவரது நூலின் கடைசி வசனத்துக்குப் போங்கள்: உலக முடிவுவரை உங்களோடு இருக்கிறேன் என்று இயேசு சொல்கிறார். முதல் அதிகாரத்தில் "கடவுள் நம்மோடு", 28:20இல் "நான் உங்களோடு." நூலின் இரு கதவுகளிலும் ஒரே பெயரைப் பொறித்திருக்கிறார் ஆசிரியர். தமக்குக் கிடைத்த பொருளை அவர் எப்படி அடுக்கினார் என்று பார்க்கும் இந்த வேலைக்குப் பதிப்புத் திறனாய்வு என்று பெயர்.

அவர் கையாண்டது கிரேக்க வாசகம். அவருடைய கேள்வி, ஆகாசின் போர் எப்படி முடிந்தது என்பதல்ல. கன்னிப் பிறப்பு நம்பிக்கை இந்த வசனத்திலிருந்து பிறந்ததா, அல்லது அந்த நம்பிக்கை முன்பே இருந்து வசனத்தைத் தேடிக்கொண்டதா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். லூக்காவும் கன்னிப் பிறப்பைச் சொல்கிறார், ஆனால் இந்த வசனத்தை மேற்கோள் காட்டவில்லை. ஆகவே இரண்டாவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

கத்தோலிக்கரிடையே இந்த ஆய்வு முறைகளுக்கு 1943இல் பன்னிரண்டாம் பயஸ் எழுதிய சுற்றுமடல் கதவு திறந்தது. 2001இல் பாப்பிறை விவிலிய ஆணையம், யூதர்கள் தங்கள் வேதத்தை வாசிக்கும் முறையும் ஏற்கத்தக்க ஒரு வாசிப்பே என்று எழுதியது. சீர்திருத்தச் சபைகளில் பாதை கரடுமுரடாக இருந்தது. 1952இல் வெளிவந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இங்கே "இளம்பெண்" என்று போட்டதற்காக, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தைத் தீயிட்டார்.

இன்னும் சில கருவிகள்

ஏசாயா நூல் ஒருவர் ஒரே காலத்தில் எழுதியதல்ல என்ற கருத்தை விரைவில் சந்திப்பீர்கள். 44, 45ஆம் அதிகாரங்களில் பாரசீக அரசன் கோரேஸ் பெயரோடு வருகிறான்; ஏசாயா காலத்துக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பின்னவன். ஜெர்மானிய அறிஞர் பெர்ன்ஹார்டு தூம் 1892இல் நூலை மூன்றாகப் பகுத்தார். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமத்துக்கு வெல்ஹவுசன் என்ற இன்னொரு ஜெர்மானியர் வகுத்த நான்கு மூலங்கள் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. பெயரை அறிந்திருந்தால் இப்போதைக்குப் போதும். பெண்ணிய வாசிப்பு கேட்கும் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: இத்தனை பேர் வாதாடிய அந்தப் பெண்ணின் பெயர் என்ன? வாசகத்தில் இல்லை. ஆனால் மசோரெத்திய வாசகத்தின்படி குழந்தைக்குப் பெயர் வைக்கிறவள் அவள்தான்.

நம்பிக்கை போய்விடுமோ என்ற பயத்தோடு வருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: 7:9ஐ எபிரேயத்தில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் காதால் கேளுங்கள். நம்பாவிட்டால் நிலைக்கமாட்டீர்கள் என்ற அந்த வரியில் "நம்பு", "நிலைபெறு" ஆகிய இரண்டும் ஒரே வேர்ச்சொல். ஆமென் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஏசாயாவுக்கு நோட்டில் பத்துப் பன்னிரண்டு பக்கம் நிறைந்ததும் புதுப் பக்கம் திருப்பி ஆதியாகமம் 22ஐ எழுதுங்கள். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதை. அதே வரிசையில் நடந்து வாருங்கள். ஆறாம் வசனத்தில் தகப்பனும் மகனும் சேர்ந்தே மலைக்கு நடக்கிறார்கள். 19ஆம் வசனத்தில் ஆபிரகாம் தன் வேலைக்காரரிடம் திரும்பி வருகிறான். ஈசாக்கின் பெயர் அங்கே இல்லை. அவன் எங்கே போனான் என்று யூத உரைகளில் தேடத் தொடங்குங்கள்.